மொய் நோட்டில் ஏறாத ஸ்வெட்டர்

ஆடி பிறந்தால் பேராவூரணி, கீரமங்கலம் வட்டாரத்தில் மொய் விருந்து களைகட்டும். இலையில் கறிச்சோறு, பந்தல் வாசலில் மேசை, மேசையில் நோட்டு. பெயர், ஊர், தொகை மூன்றும் அதில் ஏறிவிடும். இன்று வாங்கியவர் நாளை அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்து, பழைய தொகையோடு கொஞ்சம் கூட்டிச் செய்ய வேண்டும். மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் 1925இல் கொடையைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். கொடுப்பது, ஏற்பது, திருப்புவது மூன்றுமே கடமை, பிரதிபலன் இல்லாத பரிசு என்று ஒன்று கிடையாது என்பது அவர் வாதம். பாலினேசியாவையும் வட அமெரிக்கப் பழங்குடிகளையும் சான்று காட்டினார். பேராவூரணியைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தால் அவருக்கு வேலை பாதியாகக் குறைந்திருக்கும்.

இந்தக் கணக்கில் இடம் கிடைக்காத பரிசு ஒன்று உண்டு. வீட்டில் ஒருவர் உட்கார்ந்து கையால் பின்னிக் கொடுக்கும் ஸ்வெட்டர், மஃப்ளர், காலுறை. அதை எந்த நோட்டில், எவ்வளவு என்று எழுதுவது?

ஒரு ஜோடி காலுறையை எடுத்துக்கொள்வோம். ஊசியில் ஏறும் ஒவ்வொரு வளையத்தையும் கண்ணி என்று வைத்துக்கொண்டால், மெல்லிய நூலில் பெரியவர்களுக்கான காலுறைக்குச் சுற்றுக்கு 64 கண்ணி வரும். அங்குலத்துக்குப் பத்துச் சுற்று. கணுக்காலுக்கு மேலேயும் பாதமுமாகப் பதினைந்து அங்குலம் என்றால் ஒரு காலுக்கு 9,600 கண்ணி, ஜோடிக்கு 19,200. குதிகாலைத் திருப்பும் வேலை இதில் சேரவில்லை. நிமிடத்துக்கு முப்பது கண்ணி பின்னுகிறவர் கைவேகம் உள்ளவர். அவருக்கே பத்தரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். இயந்திரமோ அதைச் சில நிமிடங்களில் முடித்துத் தள்ளிவிடும். மூன்று ஜோடி நூறு ரூபாய் என்று பேருந்து நிலைய வாசலில் கூவி விற்கிறார்கள்.

அப்படியிருந்தும் உலகமெங்கும் லட்சக்கணக்கானோர் பேரக்குழந்தைக்கும் தோழிக்கும் பக்கத்து வீட்டாருக்கும் பின்னிக்கொண்டே இருக்கிறார்கள். வாங்கியவர்களில் பலர் அதை ஒருமுறை போட்டுப் படமெடுத்து அனுப்பிவிட்டு, பாச்சை உருண்டையோடு பீரோவின் மேல்தட்டில் வைத்துவிடுகிறார்கள். ஏன் பின்னுகிறார்கள், ஏன் மேல்தட்டுக்குப் போகிறது என்ற இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் ஒரு பிரமையைக் கலைத்துவிடலாம். பின்னல் என்றாலே பாட்டி, கணப்பு, அன்பு என்ற காட்சிதான் மனதில் வருகிறது. வரலாறு அப்படி இல்லை. கிடைத்திருக்கும் பழைய பின்னல் துணுக்குகள் எகிப்தைச் சேர்ந்தவை, அவுரி நீலமும் வெள்ளையுமான பருத்தி நூலில் ஆனவை. ஐரோப்பாவில் நகரங்களின் தொழிற்சங்கங்களில் பின்னலாளர்களாக இருந்தவர்கள் ஆண்கள். ஆண்டுக்கணக்கில் பயிற்சி எடுத்து, தேர்ச்சிக்கு வேலைப்பாடு செய்து காட்டினால்தான் உறுப்பினர் ஆகலாம். இங்கிலாந்தின் கிராமங்களில் காலுறை பின்னுவது ஏழைகளின் கூலி வேலை. 1589இல் வில்லியம் லீ காலுறை பின்னும் சட்டகத்தைக் கண்டுபிடித்தபோது அந்தக் கூலிக்குத்தான் முதல் அடி விழுந்தது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாண்ட் தீவுகளில் பெண்கள் இரவெல்லாம் சால்வையும் காலுறையும் பின்னிக் கடைக்குக் கொண்டுபோனால், கடைக்காரர் காசு தரமாட்டார், தேயிலையும் துணியும் தருவார். 1872இல் அரசு விசாரணைக் குழுவே உட்கார்ந்து இந்தப் பண்டமாற்றுச் சுரண்டலைப் பதிவு செய்தது. பின்னிய கைகளுக்குச் சொந்தக் குழந்தைக்கென்று ஒன்று பின்ன நேரம் மிஞ்சியிருந்தால் அதிசயம்.

இருந்தாலும் அன்புக்காகப் பின்னும் படிமமும் பழையதுதான். ஜெர்மனியின் ஹாம்பர்க் கலைக்கூடத்தில் 1400ஐ ஒட்டி மைஸ்டர் பெர்ட்ராம் கைவண்ணத்தில் உருவான பலிபீட ஓவியம் ஒன்று இருக்கிறது. மரியாள் நான்கு ஊசிகளால் குழந்தை இயேசுவுக்குச் சட்டை பின்னுகிறாள். உடலும் கையும் முடிந்துவிட்டன, கழுத்து வட்டம்தான் பாக்கி. நான்கு ஊசிகளையும் கழுத்தைச் சுற்றி ஓவியர் அமைத்திருப்பதைப் பார்த்தால், அந்த வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் என்று தெரிகிறது. குழந்தை தரையில் புத்தகத்தோடு கிடக்கிறது. எதிரே சிலுவையையும் ஆணிகளையும் ஏந்திய தேவதூதர்கள் வந்து நிற்கிறார்கள். தாய்க்கு இன்னும் நாலைந்து சுற்று வேலை இருக்கிறது.

பின்னியதைப் பரிசாகக் கொடுப்பதை ஒரு முழு ஏற்பாடாகவே வளர்த்தவர்கள் பால்டிக் கரையில் இருக்கும் லாட்வியர்கள். பெண் குழந்தை ஊசி பிடிக்கும் வயது வந்ததும் கையுறை பின்னத் தொடங்கிவிடும். கல்யாணத்துக்குள் சீர்ப்பெட்டி நிறைய வேண்டும். நூறு ஜோடிக்கு மேல் சேர்த்து வைத்த மணப்பெண்கள் உண்டு. கம்பி போன்ற மெல்லிய ஊசி, இரண்டு மூன்று நிறம், வட்டாரத்துக்கு ஒரு கோலம். பெண் கேட்டு வந்தவனுக்குக் கையுறை கொடுத்தால் சம்மதம் என்று பொருள். கல்யாணத்தன்று மாமியார், மாமனார், நாத்தனார், கொழுந்தன், பாதிரியார், வண்டியோட்டி என்று ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி. அத்தோடு முடியவில்லை. புகுந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்த மருமகள் வாசற்படி, அடுப்பு, கிணறு, மாட்டுக்கொட்டில், தேன்கூடு என்று ஒவ்வோர் இடத்திலும் ஒரு கையுறை வைத்துக்கொண்டே போவாள். இனி தன் உழைப்பு இந்த வீட்டுக்கு என்று அந்தந்த இடத்துக்குத் தெரிவிப்பதாக அதைக் கொள்ளலாம். பிற்பாடு மாமியார் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொள்வார். எடுக்கும்போது நெருக்கம் சரியா, நூல் முனையை ஒழுங்காக மறைத்திருக்கிறாளா என்று பார்க்காத மாமியார் இருந்திருக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

இந்தப் பழக்கம் அருங்காட்சியகத்துக்குப் போய்விடவில்லை. 2006 நவம்பரில் லாட்வியத் தலைநகர் ரீகாவில் நேட்டோ மாநாடு நடந்தபோது, வந்தவர்களுக்குக் கொடுக்க நாடு முழுவதும் பெண்கள் 4,500 ஜோடி கையுறைகளைக் கையால் பின்னிக் கொடுத்தார்கள். பீரங்கிக் கணக்குப் பேச வந்தவர்கள் கையுறையோடு வீடு திரும்பினார்கள்.

நார்வேயின் செல்பு பள்ளத்தாக்கிலும் கல்யாண விருந்தாளிகளுக்குக் கையுறையும் காலுறையும் கொடுக்கும் வழக்கம் இருந்தது. அங்கே 1857இல் மாரித் குல்ட்செத்புருவா என்ற பதின்வயதுப் பெண் கறுப்பும் வெள்ளையுமாக எட்டிதழ் ரோஜாக் கோலம் போட்ட கையுறையைத் தேவாலயத்துக்கு அணிந்து போனாள். ஊரே அதைப் பார்த்துப் பின்னத் தொடங்கியது, இன்று அது நார்வேயின் அடையாளம். பெரு நாட்டில் டிட்டிகாகா ஏரியின் நடுவே இருக்கும் டாக்கிலே தீவில் கதை தலைகீழ். அங்கே தொப்பி பின்னுவது ஆண்கள். சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை ஊசியாக்கிக்கொண்டு, நடக்கும்போதும் பேசும்போதும் கை ஓடிக்கொண்டே இருக்கும். மாப்பிள்ளை பின்னிய தொப்பியில் தண்ணீர் ஊற்றி, ஒழுகுகிறதா என்று பெண் வீட்டார் சோதிப்பார்கள் என்று அந்தத் தீவுக்காரர்கள் சொல்வதுண்டு. தீவின் நெசவுக் கலையை யுனெஸ்கோ 2005இல் மானுடத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது.

இந்த ஊர்கள் எல்லாவற்றிலும் பொதுவாக ஒன்று தெரிகிறது. யார் யாருக்கு, எப்போது, எதைப் பின்னித் தர வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். வாங்குகிறவருக்கு அது திடீரென்று வந்து விழும் ஆச்சரியம் இல்லை, எதிர்பார்த்துக் காத்திருந்த உரிமை. இன்னொன்று, பெரும்பாலும் கையுறை, காலுறை, தொப்பி என்று சின்னப் பொருள்கள். அளவு கொஞ்சம் முன்பின் ஆனாலும் உதவும்.

ஐஸ்லாந்தில் இதையே மிரட்டலாக மாற்றியிருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்குள் புது உடை ஒன்றாவது கிடைக்காதவர்களைப் பெரிய பூனை ஒன்று வந்து தின்றுவிடுமாம். பனிக்காலத்துக்குள் கம்பளி வேலையை முடித்தவர்களுக்குப் புதுத்துணி, சோம்பித் திரிந்தவர்களுக்குப் பூனை. பரிசும் கூலியும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கிடந்த காலத்தின் கதை அது.

கொடுத்த பொருளில் கொடுத்தவரின் ஒரு பகுதி தங்கிவிடுகிறது என்ற மோஸின் கருத்தைக் கேட்டால் மாயமந்திரம் போலத் தோன்றும். ஆனால் ஜே. எம். சிங் என்ற ஐரிஷ் நாடகாசிரியர் 1904இல் மேடையேறிய ‘ரைடர்ஸ் டு தி ஸீ’ நாடகத்தில் அதைக் கண்ணால் பார்க்க வைத்துவிடுகிறார். கடலில் மூழ்கிய ஒருவனின் சட்டைத் துண்டும் காலுறையும் வந்து சேர்கின்றன. சட்டை யாருடையதாகவும் இருக்கலாம், கடையில் அதே துணி நிறையக் கிடைக்கும். காலுறையைக் கையில் எடுத்த தங்கை கண்ணிகளை எண்ணுகிறாள். அறுபது போட்டு நாலு குறைத்தது தன் கைதான் என்று அவளுக்கு நினைவிருக்கிறது. அண்ணன் செத்துப்போனது அந்தக் கணக்கில்தான் உறுதியாகிறது. இந்தக் காட்சியில் இருந்துதான், ஆரன் தீவு ஸ்வெட்டர்களில் குடும்பத்துக்கு ஒரு கோலம் உண்டு, கரையொதுங்கிய உடலை அதை வைத்து அடையாளம் காண்பார்கள் என்ற கட்டுக்கதை வளர்ந்தது. உல்லாசப் பயணிகளுக்கு விற்க ஏற்ற கதை. உண்மையில் அந்த ஸ்வெட்டர் இருபதாம் நூற்றாண்டில் உருவான சரக்கு.

போர்க்காலத்தில் இந்தப் பரிசு முகம் தெரியாதவர்களுக்குப் போகத் தொடங்கியது. முதல் உலகப் போரில் பதுங்குகுழிச் சேற்றில் நின்று நின்று சிப்பாய்களின் பாதங்கள் அழுகின. ஈரக் காலுறையை அடிக்கடி மாற்றுவதுதான் மருந்து. ஆகவே தேவை உண்மையானது. ஆஸ்திரேலியாவில் மட்டும் தன்னார்வப் பெண்கள் 13 லட்சம் ஜோடிக்கு மேல் பின்னி அனுப்பினார்கள். காலுறைக்குள் பெயரும் முகவரியும் எழுதிய சீட்டைச் சுருட்டி வைப்பார்கள், சில சீட்டுகளுக்குப் பதிலும் வரும். பிரிட்டனில் ஆர்வம் கரை புரண்டோடி, ஒரு படைப்பிரிவுக்கு மஃப்ளர் குவிய, பக்கத்துப் பிரிவுக்கு ஒன்றும் வராமல் போய், 1915இல் தன்னார்வ அமைப்புகளை ஒழுங்குபடுத்தவே போர்த்துறை சர் எட்வர்ட் வார்டை நியமிக்க வேண்டி வந்தது. காலுறையின் விரல் முனையில் தழும்பு போல் தையல் நின்றால் மைல்கணக்கில் நடப்பவனுக்குக் கொப்புளம் வரும். அந்த இடத்தைத் தடிப்பில்லாமல் இணைக்கும் முறைக்கு இன்றும் போர் அமைச்சர் கிச்சனர் பிரபுவின் பெயர்தான். இரண்டாம் போரில் 1941 ஜூன் முதல் பிரிட்டனில் துணிக்குப் பங்கீடு. இரண்டு அவுன்ஸ் பின்னல் நூலுக்கு ஒரு கூப்பன். அப்பாவின் பழைய ஸ்வெட்டரைப் பிரித்து, நூலை நனைத்து நீவி, பிள்ளைக்குப் புதிதாகப் பின்னிக் கொடுத்தார்கள். பிரித்தால் மறுபடி முழு நூலாகிவிடும் உடை இது. வெட்டித் தைத்த சட்டைக்கு அந்த வசதி கிடையாது.

போர் முடிந்து, ஆயத்த ஆடை மலிந்த பிறகு, பின்னல் தேவையில் இருந்து விருப்பத்துக்கு மாறியது. யாருக்கு என்ன பின்னுவது என்ற ஊர் விதியும் கூடவே போய்விட்டது. பின்னுகிறவர் தானாகவே ஆளைத் தேர்ந்து, நிறத்தைத் தேர்ந்து, நாலு மாதம் ரகசியமாகப் பின்னி, பிறந்தநாளன்று நீட்டுகிறார். நாம் இப்போது பார்க்கும் சிக்கல்கள் இங்கேதான் தொடங்குகின்றன.

மேலைநாட்டுப் பின்னல்காரர்களிடம் ‘ஸ்வெட்டர் சாபம்’ என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. காதலனுக்கு ஸ்வெட்டர் பின்னத் தொடங்கினால், முடிப்பதற்குள் ஆள் ஓடிவிடுவானாம். சாபம் என்றெல்லாம் ஒன்றுமில்லை. கனமான ஸ்வெட்டர் முடிய மாதக்கணக்காகும், அதற்குள் எத்தனையோ காதல் தானாகவே முடியும். கூடவே, அவ்வளவு உழைப்பைத் தூக்கி மடியில் வைத்தால், இன்னும் மனம் தெளியாதவனுக்கு அது நிச்சயதார்த்தத் தட்டு மாதிரித் தெரிகிறது. மொய்யாக இருந்தால் நோட்டைப் பார்த்துத் திருப்பிவிடலாம். ஸ்வெட்டருக்குச் செலவான நாற்பது மணி நேரத்தை எப்படித் திருப்புவது? ஏற்றவருக்குத் திருப்ப வழியில்லாத பரிசு பாரமாகிவிடும்.

ஹாரி பாட்டர் படித்த, பார்த்த பிள்ளைகளுக்கு இது விளங்கும். மோலி வீஸ்லி ஆண்டுதோறும் கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் பின்னுகிறார். மகன் ரானுக்கு எப்போதும் அரக்குச் சிவப்பு, அவனுக்கு அந்த நிறம் ஆகாது. அதே அம்மா அநாதை ஹாரிக்கு மரகதப் பச்சையில் ஒன்று பின்னி அனுப்பும்போது, நீயும் இந்த வீட்டுப் பிள்ளை என்று சொன்ன மாதிரி ஆகிவிடுகிறது. ஒரே கை, ஒரே நூல். இருப்பவனுக்குச் சலிப்பு, இல்லாதவனுக்குப் புதையல். ஐந்தாம் புத்தகத்தில் ஹாரியின் தோழி ஹெர்மயனி வீட்டுவேலை செய்யும் குட்டிச்சாத்தான்களை உடை கொடுத்து விடுவிக்கிறேன் என்று தொப்பியாகப் பின்னி விடுதியின் பொது அறையில் ஒளித்து வைக்கிறாள். அவர்களோ அதை அவமானமாக எடுத்துக்கொண்டு அந்த அறையைச் சுத்தம் செய்ய வருவதையே நிறுத்திவிடுகிறார்கள். கேட்காமல் கொடுப்பதைப் பற்றி எந்தச் சமூகவியல் நூலும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

மனம் ஒத்துப்போனாலும் அளவு ஒத்துப்போக வேண்டும். அங்குலத்துக்கு ஐந்து கண்ணி என்று கணக்குப் போட்டு 200 கண்ணியில் பின்னினால் மார்புச் சுற்று 40 அங்குலம். கை சற்றுத் தளர்ந்து நாலரைக் கண்ணியானால் அதே 200 கண்ணி 44 அங்குலத்தைத் தாண்டிவிடும். அரைக் கண்ணி பிசகினால் தம்பியின் ஸ்வெட்டர் பெரியப்பாவுக்குத்தான் ஆகும். அதனால்தான் முதலில் கையகலத் துண்டு ஒன்று பின்னி, துவைத்து, காயவைத்து, அளந்து பார்க்கச் சொல்கிறார்கள். பத்தில் ஒன்பது பேர் இதைச் செய்வதில்லை என்று அடித்துச் சொல்வேன்.

அடுத்தது சலவை. ஆட்டுமயிரின் ஒவ்வொரு இழையிலும் செதில் செதிலாக மேற்புறம் இருக்கிறது. வெந்நீரும் சோப்பும் உலுக்கலும் சேர்ந்தால் செதில்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். வாஷிங் மெஷினில் போட்ட ஸ்வெட்டர் பொம்மைச் சட்டையாகச் சுருண்டு வருவது இதனால். குளோரின் பதப்படுத்தி மேலே பிசின் பூசிய நூலில் இந்தத் தொல்லை இல்லை. நம் ஊர்க் கடைகளில் உல்லன் என்று விற்கும் உருண்டைகளில் பெரும்பாலானவை அக்ரிலிக்தான். அதுவும் சுருங்காது, ஆனால் சூடான இஸ்திரிப்பெட்டி பட்டால் இழை உருகித் தொய்ந்துவிடும். பரிசோடு எந்த நூல், எப்படித் துவைப்பது என்று ஒரு சீட்டு வைக்காதவர் தன் நாற்பது மணி நேரத்தைச் சலவைத் தொட்டியிடம் ஒப்படைக்கிறார்.

இனி தர்மப் பின்னல். மழைக்குளிரில் மயில் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையை எடுத்துப் போர்த்திய பேகனை நாம் கடையெழு வள்ளல்களில் ஒருவராக வைத்திருக்கிறோம். மயிலுக்குப் போர்வை வேண்டுமா என்று அவர் கேட்கவில்லை, மயிலும் உடுத்திக்கொள்ளாது. பேகனின் வாரிசுகள் இன்று பெங்குவினுக்கு ஸ்வெட்டர் பின்னுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் பிலிப் தீவுப் பக்கம் 2001இல் கடலில் எண்ணெய் கசிந்து 438 குட்டிப் பெங்குவின்கள் சிக்கின. எண்ணெயில் ஊறிய இறகை அலகால் கோதினால் விஷம் உள்ளே போகும். கழுவும்வரை அதைத் தடுக்கச் சின்ன ஸ்வெட்டர் உதவியது, 96 விழுக்காடு பறவைகள் பிழைத்துக் கடலுக்குத் திரும்பின. செய்தி பரவ, உலகம் முழுவதும் இருந்து ஸ்வெட்டர் வந்து குவிந்தது. இப்போது இருப்பு மலைபோல் கிடக்கிறது. மிஞ்சியவற்றைப் பொம்மைப் பெங்குவின்களுக்குப் போட்டு விற்று, அந்தக் காசைப் பறவைகளுக்குச் செலவிடுகிறார்கள். பேகனைப் பாடிய பரணருக்கு இந்த முடிவு பிடித்திருக்குமா தெரியாது, எனக்குப் பிடித்திருக்கிறது.

டென்மார்க்கில் 2013இல் குறைமாதக் குழந்தைகளுக்காக ஆக்டோபஸ் பொம்மை பின்னும் இயக்கம் தொடங்கியது. குரோஷா ஊசியில் பின்னுவது. அதன் கைகளைப் பிடித்துக்கொண்டால் தொப்புள்கொடியின் நினைவில் குழந்தை அமைதியாகும் என்பது நம்பிக்கை. மருத்துவச் சான்று வலுவாக இல்லை. ஆனால் இந்த இயக்கம் ஒரு நல்ல காரியம் செய்தது. நூறு சதவீதம் பருத்தி நூல், 60 டிகிரி சூட்டில் துவைக்கத் தாங்க வேண்டும், இழுத்துப் பிடித்தாலும் ஒரு கை 22 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது என்று விதி போட்டது. லாட்விய ஊர்விதி இங்கே மருத்துவமனை விதியாகத் திரும்பி வந்திருக்கிறது.

நம் பக்கம் ஊட்டி, கொடைக்கானலை விட்டால் கையால் பின்னிய கம்பளிக்கு அவ்வளவு வேலை இல்லை. இந்தியாவின் பின்னலாடைத் தலைநகரான திருப்பூரில் பின்னுவது எல்லாம் இயந்திரம்தான். ஆனால் வைகாசி வெயிலில் பிறந்தாலும் குழந்தைக்கு ஸ்வெட்டர், குல்லா, கையுறை, காலுறை என்று ஒரு செட் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடும். குறைமாதக் குழந்தைக்கும் மலையோரக் குழந்தைக்கும் குல்லா அவசியம்தான். சென்னையில் கொழுகொழுவென்று பிறந்த குழந்தைக்கு அக்ரிலிக் ஸ்வெட்டர் வேர்க்குருவைத்தான் தரும். இன்னொரு ஆபத்தைப் பலர் அறிவதில்லை. கையுறை, காலுறையின் உட்புறம் தொங்கும் ஓர் இழை குழந்தையின் விரலைச் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டம் நின்று விரல் நீலம் பாயும். குழந்தை காரணமில்லாமல் வீறிட்டு அழுதால் டாக்டர்கள் விரல்களைப் பிரித்துப் பார்ப்பது இதற்காகவும்தான். பின்னியவர் அதை உள்வெளியாகத் திருப்பி, நூல் முனைகள் ஒவ்வொன்றும் உள்ளே கோத்து முடிந்திருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுக் கொடுக்க வேண்டும்.

எலிசபெத் சிம்மர்மன் என்ற அமெரிக்கப் பின்னல் ஆசான் 1974இல் மாதத்துக்கு ஒரு வேலை என்று ஒரு பஞ்சாங்கமே எழுதினார். பிப்ரவரிக்குக் குழந்தைச் சட்டை, ஜூலைக்குப் பயணத்தில் பின்னச் சால்வை. பரிசு பின்னுவதில் பாதி வித்தை நாளைத் தள்ளிப்போடாமல் தொடங்குவது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மீதிப் பாதி, ஆளைத் தேர்வது. ஒரு பொழுதாவது ஊசி பிடித்துப் பார்த்தவருக்கு, கையால் தைத்து, சமைத்து, முடைந்து பழகியவருக்கு அந்த மணி நேரங்கள் கண்ணில் தெரியும். மற்றவர்களுக்குக் கடைச் சட்டையே போதும், அதில் அன்பு குறைந்துவிடாது.

ஆகவே பின்னத் தொடங்குகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். ரகசியத்தை விட்டுவிடுங்கள். வேண்டுமா, என்ன நிறம், எந்த அளவு என்று முதலில் கேளுங்கள். ஆஸ்பத்திரிக்கோ ஆசிரமத்துக்கோ என்றால் அங்கே ஒரு போன் போட்டு, என்ன தேவை, எந்த நூல் என்று விசாரியுங்கள். ஸ்வெட்டரை மூன்றாவது, நான்காவது பரிசாக வைத்துக்கொண்டு, தொப்பியில் தொடங்குங்கள். அதற்கு ஒரு உருண்டை நூலும் இரண்டு மாலை நேரமும் போதும்.